நடுவில் நின்ற நீலச் சட்டை

தேர்தல் வந்துவிட்டால் அந்த இணையச் செய்தி அலுவலகத்தில் யாருக்கும் சோறு தொண்டையில் இறங்காது. செய்திகளுக்குப் படம் போடுகிற அவளுக்கு இந்த முறை ஒரு வினையும் வந்து சேர்ந்தது. அவளே தேடிக்கொண்ட வினை.

ஆசிரியரை முதுகுக்குப் பின்னால் எல்லோரும் 'சூடு' என்பார்கள். எதைக் கொடுத்தாலும் சூடாக இருக்கிறதா என்றுதான் கேட்பார். வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்களைப் பற்றித் தினம் ஒரு செய்தி வேண்டும், அதில் கூட்டம் வேண்டும், கூட்டத்தில் ஒரு முகமாவது பளிச்சென்று தெரியவேண்டும். கூட்டம் போதாவிட்டால் ஓரத்துக் காலி இடத்தை வெட்டி நெருக்கிக் காட்டச் சொல்வார்.

அன்று கடைத்தெருவில் ஒரு திருட்டு. திருடன் யாரென்று போலீசுக்கே தெரியாது. சூடோ கண்ணை மூடிக்கொண்டு 'வெளியூர்க்காரர்கள் கைவரிசையா?' என்று தலைப்பு வைத்தார். கேள்வியாகக் கேட்டால் பொய் ஆகாதாம். நல்ல நியாயம்!

அவள் பழைய படம் ஒன்றை எடுத்தாள். தொழிற்சாலை வாசலில் பேருந்துக்கு நிற்கிற ஆட்கள். திரையில் நகமளவுதான் தெரிந்தது, முகம் யார் பார்த்தார்கள்? நிறுத்தத்தின் பலகையை வெட்டினாள், காலி இடத்தை வெட்டினாள், பழைய படம் என்று கீழே பொடி எழுத்தில் போட்டாள். கைபேசியில் அந்த வரி தெரியாது என்பதும் அவளுக்குத் தெரியும். ஏற்றிவிட்டுத் தேநீர் எடுக்கப் போனாள்.

திரும்பி வந்து பெரிதாக்கிப் பார்த்ததும் பகீர் என்றது. நட்ட நடுவில் நீலச் சட்டையில் அவள் தம்பி. ஓரமாக ஒதுங்கி நின்றவனை நடுவுக்கு இழுத்து வந்தது அவள் போட்ட வெட்டு.

செய்திக்குக் கீழே ஒருவர் அதற்குள் எழுதிவிட்டார்: 'நீலச் சட்டைக்காரன் முழியே சரியில்லை. பார்த்தால் விடாதீர்கள்.' தம்பி வேலை முடிந்து அந்தக் கடைத்தெரு வழியாகத்தான் வரவேண்டும். போன் அடித்தாள், எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஊரில் சும்மா இருந்தவனை இங்கே வா வா என்று அழைத்தவள் நான்தானே என்று அவள் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

படத்தை எடுத்துவிடலாமா என்று சூட்டிடம் கேட்டாள். தம்பி என்று சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னால் இவளும் வெளியூர்க்காரிதான் என்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிடும்.

"எடுத்துட்டு? பூட்டின கடையையா போடுவ? வேணும்னா மாத்திக்கோ. மூஞ்சி இருக்கணும்" என்றார் அவர்.

அடுத்த படத்தில் தோளில் மூட்டையோடு யாரோ ஒருவன் நேராகப் பார்த்தான். அவள் யோசிக்கவில்லை. ஓரத்தை வெட்டினாள், ஏற்றினாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் தம்பி கூப்பிட்டான்.

"பஸ்ல ஒருத்தன் போனையும் என் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாத்தான்க்கா. நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினான். காட்டறப்ப அதுல வேற ஆளு இருந்தான். விட்டுட்டானுங்க."

அப்பாடா என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள் என்றாள். அவன் வைக்கவில்லை.

"நீதானே மாத்தின?"

"ம்."

"அந்த ஆளுக்குப் படத்தை மாத்த அங்க யாரு இருக்காங்கக்கா?"

அவள் திரையைப் பார்த்தாள். செய்திக்குக் கீழே முன்பு எழுதியவரே மறுபடி எழுதியிருந்தார்: 'மூட்டைக்காரன் முழியே சரியில்லை. பார்த்தால் விடாதீர்கள்.'