தம்பி வரட்டும்

அம்மாவின் கால் பெருவிரல்கள் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, மறைப்புத் துணிக்கு அந்தப் பக்கம் அப்பா பேசுவது லோகேஸ்வரிக்குக் கேட்டது. காலையிலிருந்து நான்காவது தடவையாக அதையே சொல்கிறார். இந்தத் தடவை கேட்டுக்கொண்டிருந்தவர் சீனி முகம்மது. நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருப்பவர், அப்பாவோடு முப்பது வருஷப் பழக்கம்.

"யாருமே ஒரு வார்த்தை சொல்லல பாய். சொல்லியிருந்தா விட்டிருப்பனா? பையன் வந்து சொன்னான். சொன்ன உடனே காடிய எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்."

"உங்களப் பத்தித் தெரியாதா அண்ணே. அல்லா போட்ட கணக்கு அவ்வளவுதான்."

லோகேஸ்வரி முடிச்சை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினாள். முதலில் கட்டியது இறுக்கமாகிவிட்டது, அம்மாவுக்கு வலிக்கும் என்று தோன்றியது. எதிரே துணியைப் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஹபீபா பீவி, மேலே போய்ப் புடவையை எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு லிஃப்டுக்கு நடந்தார். ஒன்பதாவது மாடி வீட்டுக்குள் சவப்பெட்டியைக் கொண்டுபோய்த் திருப்ப முடியாது என்பதால் எல்லாமே கீழ்த்தளத்தில்தான். ஆஸ்பத்திரியில் உடலைக் காலையில்தான் கொடுத்திருந்தார்கள். மூன்று மணிக்கு எடுப்பது. பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை.

யாருமே சொல்லவில்லையாம். அவள் முதல் தடவை சொன்னது நேற்று மத்தியானம் இரண்டு மணிக்கு. அடுத்தது இரண்டரைக்கு. மூன்றாவது தடவை சொன்னபோது மணி பார்க்கவில்லை, அம்மாவின் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பொய் சொல்கிறார் என்றால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பொய் சொல்கிறவனுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டுமே. அப்பா சின்னையாவைப் பொறுத்தவரை யாரும் சொல்லவில்லைதான்.

அவர் மோசமான ஆளில்லை, அதுதான் கஷ்டம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். குடியில்லை, கைநீட்டல் இல்லை, வீட்டில் குரல் உயர்ந்ததில்லை. வீட்டுப் பெண்கள் பேசுவது காதில் விழும், 'ம்' என்பார், அதோடு சரி. அம்மா குமுதா வாஷிங் மெஷின் வேண்டுமென்று மூன்று வருஷம் கேட்டுப் பார்த்தாள். ஒருநாள் தம்பி கிஷனைக் கூப்பிட்டு, அப்போது அவனுக்குப் பத்து வயது, என்ன சொல்ல வேண்டுமென்று சொல்லிக் கொடுத்து முன்னறைக்கு அனுப்பினாள். மறுநாள் சாயங்காலம் மெஷின் வந்து இறங்கியது.

அன்றிலிருந்து அதுதான் அந்த வீட்டின் பாதை. சமையலறையில் அம்மா வார்த்தையைத் தயார் செய்வாள், கிஷன் கொண்டுபோய்ச் சேர்ப்பான். கண் ஆபரேஷன், குழாய் ஒழுகல், லோகேஸ்வரியின் வேலைகூட அப்படித்தான். மாக் மண்டின் பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தபோது, அவளைவிட ஆறு வயது இளையவன், பள்ளிச் சீருடையைக்கூடக் கழற்றாமல் அப்பா முன்னால் நின்று, "அக்கா போகட்டும்பா" என்றான். அப்பா சரி என்றார். அம்மாவும் மகளும் உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அம்மா அதைச் சாமர்த்தியம் என்று நினைத்தாள். லோகேஸ்வரியும் அப்படித்தான் நினைத்தாள். நேற்று வரைக்கும்.

அந்தத் தொழிற்சாலையில் இப்போது அவள்தான் பாதுகாப்பு அதிகாரி. நானூறு பேர். அவள் கை காட்டினால் ஃபோர்க்லிஃப்ட் நிற்கும். நெஞ்சுவலி வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று வருஷத்துக்கு இரண்டு தடவை வகுப்பெடுக்கிறாள்.

நேற்று சனிக்கிழமை, அவளுக்கு விடுமுறை. சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. இடது கையையும் தாடையையும் மாறி மாறிப் பிடித்தாள். லோகேஸ்வரிக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. முன்னறையில் அப்பா தூண்டில் ரீலைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு நெஞ்சு வலிக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றாள். காற்றாக இருக்கும், தைலம் தேய்த்துவிடு என்றார். இரண்டாவது தடவை, இது மாரடைப்பு மாதிரி இருக்கிறது, காடி சாவியைக் கொடுங்கள் என்று கேட்டாள். ரீலின் ஸ்பிரிங் எங்கேயோ தெறித்துவிட்டது. அவர் குனிந்து சோபாவுக்கு அடியில் தேடிக்கொண்டே, கொஞ்ச நேரம் படுக்கச் சொல்லு என்றார். சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. மூன்றாவது தடவைக்கு 'ம்' மட்டும்தான் வந்தது.

ஆம்புலன்சைக் கூப்பிட அவள் போனை எடுத்தாள். எடுத்தது உண்மை. அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்லா. அப்பாவக் கேக்காம ஆம்புலன்ஸ் வந்து நின்னா நல்லா இருக்காது. தம்பி வரட்டும். அவன் சொன்னா கேப்பாரு."

லோகேஸ்வரி போனைக் கீழே வைத்தாள். நானூறு பேருக்கு வகுப்பெடுக்கிறவள் வைத்தாள். பிறகு எடுத்தது தம்பியைக் கூப்பிடத்தான். அவன் கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் புக்கிட் மெர்தாஜாமில் சிநேகிதன் வீட்டில் இருந்தான். கிளம்பிவிட்டேன் என்றான், பாலத்தில் ஜாம் என்றான். அம்மாவும் மகளும் சமையலறைச் சுவரில் சாய்ந்து அவனுக்காகக் காத்திருந்தார்கள்.

நாலே காலுக்கு வந்தான். செருப்பைக் கழற்றாமலே, "அப்பா, அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்" என்றான். சின்னையா தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். உண்மையிலேயே ஓடினார், லிஃப்டுக்குக் காத்திருக்க மாட்டாமல் படியில் இறங்கிக் காடியை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். மூன்றாவது சிக்னலில் அம்மாவின் தலை லோகேஸ்வரியின் மடியில் கனத்தது. வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று பெண் டாக்டர் கேட்டபோது அவள் இரண்டு மணி என்றாள், டாக்டர் எழுதிக்கொண்டார். அப்பா அந்தப் பக்கம் கிஷன் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார்.

இப்போது மணி ஒன்றரை. லோகேஸ்வரிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அம்மா பெட்டியோடு போவதற்குள், ஆமாம், நீ என்னிடம் சொன்னாய் என்று அந்த மனிதர் ஒரு தடவை சொல்ல வேண்டும். மன்னிப்பெல்லாம் வேண்டாம். அம்மா இங்கே இருக்கும்போது சொன்னால் போதும்.

அவள் மறைப்பைத் தள்ளிக்கொண்டு வெளியே போட்டிருந்த கூடாரத்துக்குள் போனாள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள். அப்பா முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, நான் ரெண்டு மணிக்கே உங்ககிட்ட சொன்னேன். மூணு தடவ சொன்னேன்."

சின்னையா அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை, பயமும் இல்லை, வாஞ்சைதான் இருந்தது. பிறகு சீனி முகம்மதுவின் பக்கம் திரும்பினார்.

"நேத்துலேர்ந்து பிள்ள ஒண்ணும் சாப்பிடல பாய்."

சீனி முகம்மது எழுந்து தன் நாற்காலியை அவளிடம் தள்ளினார். துக்கத்தில் இப்படித்தான் வரும், உட்காரும்மா என்றார். யாரோ ஒருவர் பாக்கெட் பானம் ஒன்றில் ஸ்ட்ராவைக் குத்தி அவள் கையில் கொடுத்தார். எல்லோரும் மிகவும் அன்பாக இருந்தார்கள். அந்த அன்பில் அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

கிஷன் லிஃப்டுக்குப் பக்கத்தில் அம்மாவின் படத்துக்கு மாலை போட ஆணி தேடிக்கொண்டிருந்தான். அவள் அவனை ஓரமாக இழுத்து, நேற்று நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். அவனுக்கும் முழுதாகத் தெரியாது. கேட்கக் கேட்க அவன் முகம் வெளுத்தது.

"இப்ப சொல்லி என்னக்கா ஆகப் போவுது?"

"அக்கா உங்ககிட்ட மூணு தடவ சொன்னாங்கன்னு சொல்லு. அவ்வளவுதான். நீ சொன்னாத்தான் கேப்பாரு."

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று அவளுக்கு உறைத்தது. அம்மா குளித்து, பொட்டு வைத்து, இருபதடி தள்ளிப் படுத்திருந்தாள்.

இரண்டேகாலுக்குக் கிஷன் போனான். பின்னாலேயே லோகேஸ்வரியும் போய்ப் கூடாரக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றாள். புடவையோடு முன்பே இறங்கி வந்திருந்த ஹபீபா பீவியும் மற்றப் பெண்களும் மறைப்பை விலக்கிப் பார்த்தார்கள். அவன் அப்பாவின் எதிரே குந்தி உட்கார்ந்து அவர் முழங்காலில் கை வைத்தான்.

"அப்பா, அம்மாவுக்கு ரெண்டு மணிக்கே வலி வந்துருச்சாம்." நிறுத்தினான். அவர் முகத்தைப் பார்த்தான். "அக்காவுக்குத் தெரியுமாம்."

அவ்வளவுதான். மிச்சத்தை அவன் சொல்லவில்லை. லோகேஸ்வரி காத்திருந்தாள், அவன் வாயைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள். வரவில்லை. இருபது வருஷமாக அம்மா இவனிடம் கொடுத்தனுப்பியதில் எத்தனை இப்படிப் பாதி வழியில் விழுந்திருக்கும் என்று அப்போதுதான் நினைத்தாள். கிடைத்ததை மட்டும்தான் அவர்கள் எண்ணிப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

சின்னையாவுக்குக் கேட்டது. ஒவ்வொரு சொல்லும் உள்ளே இறங்குவது அவர் முகத்தில் தெரிந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இரண்டு கையாலும் நெஞ்சில் அடித்துக்கொண்டார், சீனி முகம்மது பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு மணிக்கேவா? ரெண்டே கால் மணி நேரம் இருந்துச்சேடா. பொழச்சிருப்பாளேடா." மூச்சு வாங்கியது. "கேளுடா உங்கக்காகிட்ட. ஏன் என்கிட்ட சொல்லலன்னு கேளு."

கூடாரம் முழுக்க அவளைப் பார்த்தது. சொன்னேன்பா என்றாள் லோகேஸ்வரி. நல்ல குரலில்தான் சொன்னாள். அப்பா பதிலுக்காகக் கிஷனைப் பார்த்தார். கிஷன் அவளைப் பார்த்தான், கண் நிறைந்திருந்தது, பிறகு அப்பாவிடம் திரும்பினான்.

"விடுங்கப்பா. அக்காவும் பயந்துபோயிருப்பாங்க. என்ன செய்றதுன்னு தெரிஞ்சிருக்காது."

சீனி முகம்மது மெதுவாகத் தலையாட்டினார். பின்வரிசையில் ஒருவர், பொம்பளப் பிள்ளதானே, பாவம் என்றார். சின்னையா கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டி அவளைக் கூப்பிட்டார். அவள் போகவில்லை. அவர் எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்தார். நான் ஒன்றும் நினைக்கவில்லை, நீ மனசில் வைத்துக்கொள்ளாதே என்றார். அவளை மன்னித்துவிட்டார்.

மூன்று மணிக்கு வாய்க்கரிசி போட்டார்கள். லோகேஸ்வரி அம்மாவின் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள், கன்னத்தில் சிந்தியிருந்த அரிசியைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். பெட்டியை மூடினார்கள். சங்கு ஊதினார்கள். கிஷன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடக்க, அப்பாவை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வண்டியில் ஏற்றினார்கள். தாமதமாக வந்த யாரோ ஒருவர் வண்டி ஜன்னலில் குனிந்து துக்கம் விசாரித்தார். அப்பா பதில் சொல்வது கீழ்த்தளம் வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

"மகளுக்கு ரெண்டு மணிக்கே தெரிஞ்சிருக்கு. பாவம், சொல்லத் தெரியல."

வண்டி மெயின் ரோட்டில் திரும்பியது. ஆண்கள் போய்விட்டார்கள். பெண்கள் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். பெட்டி இருந்த இடத்தில் நசுங்கிய சாமந்தியும் அரிசியும் ஒட்டிக் கிடந்தன. லோகேஸ்வரி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். ஹபீபா பீவி துடைப்பத்தோடு பக்கத்தில் வந்து நின்றார். அம்மாவோடு இருபது வருஷம் ஒரே தாழ்வாரத்தில் இருந்தவர், அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"ஏம்மா, அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

தண்ணீர் அரிசியைத் தள்ளிக்கொண்டு சாக்கடைப் பக்கம் ஓடியது. லோகேஸ்வரி காலி வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.