நுரை கழுவிய இருபத்தேழாம் பஸ்

பஸ் கழுவும் கொட்டகையில் அவருக்குப் பெயர் நுரை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. இருபத்தொரு வருஷமாக எண்பது பஸ்களின் அழுக்கை எடுத்தே பெயர் வாங்கினவர். அவர் கழுவி விட்ட பஸ்ஸின் பக்கவாட்டில் முகம் பார்த்து மீசை கத்தரிக்கலாம் என்பார்கள் டிரைவர்கள். ஒருவர் கத்தரித்தே பார்த்தார். ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டது, அதற்கு நுரை பொறுப்பில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு வாய்த்த மச்சினிக்கோ அழுக்கைத் தேடிப் போகிற உத்தியோகம். மனைவியின் தங்கையான அவள் ஓர் ஆய்வு நிலையத்தில் நீர்க்கரடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பெயர்தான் கரடி, உருவம் ஒரு தூசி அளவுகூடத் தேறாது. எட்டுக் கால், நுனியில் நகம். ஈரம் காய்ந்தால் சுருண்டு உருண்டையாகிக் கிடக்கும், பல வருஷம் கழித்துத் தண்ணீர் பட்டாலும் எழுந்து நடக்கும். காட்டுப் பாசியில் இருப்பது எல்லாருக்கும் தெரியும், ஊருக்குள் யாரும் எட்டிப் பார்க்காத இடங்களில் இருக்கிறதா என்பதுதான் அவள் கேள்வி. சிக்னல் விளக்கின் தொப்பி, தபால் பெட்டியின் முதுகு, லிஃப்ட் குழியின் மூலை என்று முப்பத்தொன்பது இடம் முடித்துவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் நாற்பது சேராவிட்டால் கணக்கெடுப்பையே மூடிவிடுவதாக அவளுடைய அதிகாரி சொல்லியிருந்தார். இரண்டு வருஷ உழைப்பு.

"உங்க ஷெட்ல ஒரு பஸ் ஓடாம நிக்குதுல்ல மாமா, இருபத்தேழு. அதோட கூரையில பாசி புடிச்சிருக்குன்னு அக்கா சொன்னா. அதான் எனக்கு நாப்பதாவது. வியாழக்கிழமை வர்றேன். அதுவரைக்கும் தொடாதீங்க."

"நான் எதுக்கு தொடப்போறேன்?" என்றார் நுரை.

அவள் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக் காட்டினாள். அதில் 'கடைசியாகச் சுத்தம் செய்த தேதி' என்று ஒரு கட்டம். "இதான் மாமா பெரிய தலைவலி. யாரைக் கேட்டாலும் நேத்துங்கறாங்க. தபால் பெட்டிமேல ஒரு விரல் உயரத்துக்கு மண்ணு, அதுல செடியே முளைச்சிருக்கு, அதையும் நேத்து துடைச்சாங்களாம். ஏசி தண்ணி சொட்டுற தட்டுக்கு அக்காவே நேத்துன்னுதான் சொன்னா."

"நேத்துதான் துடைச்சேன்," என்றாள் அக்கா, அடுப்படியில் பாத்திரத்திலிருந்து தலை நிமிராமல்.

புதன்கிழமை மத்தியானம் வரை நுரை வாக்குத் தவறவில்லை. அதற்குமேல் முடியவில்லை. இருபத்தேழாம் பஸ்ஸைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மனசு உறுத்தியது. இரண்டு வருஷத்துத் தூசி. நாளைக்குச் சொந்த மச்சினி ஏணி வைத்து ஏறி, மாமா வேலை பார்க்கிற லட்சணத்தைப் பக்கத்தில் நின்று பார்ப்பாள். அவளுக்கு வேண்டியது பிராணிகள்தானே, அழுக்கு இல்லையே என்று ஒரு நியாயம் கிடைத்தது. அழுக்கை எடுத்துவிட்டால் பிராணிகள் இன்னும் பளிச்சென்று தெரியும். இப்படி யோசித்தவர் உலகத்தில் அவர் ஒருத்தராகத்தான் இருக்கும். சாயங்காலத்துக்குள் இருபத்தேழு கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி நின்றது.

வியாழக்கிழமை காலை மச்சினி கரண்டியும் காகித உறைகளுமாக ஏணியில் ஏறினாள். நுரை கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு பாராட்டுக்குக் காத்திருந்தார். மேலிருந்து அவள் தலை எட்டிப் பார்த்தது.

"மாமா, கழுவிட்டீங்களா?"

"லேசாத்தான்."

அவள் இறங்கி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால்கூட நுரை தாங்கியிருப்பார். அவள் உறைகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் திரும்ப வைத்தாள். அந்தப் பையை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததே நுரைதான். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு பஸ் சுத்தமாக இருப்பதைப் பார்த்து அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேற பஸ்ல பாரேன் பாப்பா."

"எல்லாத்தையும்தான் தினம் கழுவுறீங்களே மாமா."

"சாக்கடையில?"

"சோப்பும் டீசலும் கலந்திருக்கும். ஒண்ணும் உயிரோட இருக்காது. சோப்பு படாததா வேணும்."

சோப்பு படாதது என்றதும் நுரை நிமிர்ந்தார். காய்ந்த அழுக்கிலோ பாசியிலோ நேராகத் தண்ணீர் விட்டால் கூழாகி அப்பிக்கொள்ளும். அதனால் முதலில் உலர் ப்ரஷ்ஷால் தேய்த்து உதிர்ப்பார், பிறகுதான் குழாயும் சோப்பும். நேற்று இருபத்தேழுக்கும் அப்படித்தான். அந்த ப்ரஷ் கொட்டகையின் பின்சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. அவர் ஓடிப் போய்க் கொண்டுவந்தார். நீளக் கைப்பிடி, அகலமான மரக்கட்டை. நாரெல்லாம் பாதியாகத் தேய்ந்திருக்க, அடியில் ஒரு விரல் கனத்துக்குப் பச்சையும் பழுப்புமாகக் காய்ந்து கிடந்தது.

மச்சினி அதை வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "இதைக் கழுவவே மாட்டீங்களா?"

"கழுவுற ப்ரஷ்ஷ யாராவது கழுவுவாங்களா?"

அவள் சிரித்துவிட்டாள். அவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அடியிலிருந்து ஒரு சிட்டிகை சுரண்டிச் சின்னத் தட்டில் தண்ணீர் விட்டு ஊறவைத்தாள். ஆபீஸ் அறை மேஜையில் கையடக்க நுண்ணோக்கியை நிறுத்தினாள். உருண்டைகள் எழுந்திருக்க நேரம் ஆகும் என்றாள். இருவரும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்கள், நுரைக்குத்தான் இறங்கவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் "எழுந்துச்சா?" என்று கேட்டு அவள் உயிரை வாங்கினார்.

மூன்று மணிக்கு அவள் கண்ணை எடுக்காமல் கையை மட்டும் ஆட்டினாள். நுரை குனிந்து பார்த்தார். வெளிச்ச வட்டத்துக்குள், எட்டுக் குட்டைக் கால்களை அவசரமில்லாமல் எடுத்து வைத்து, குண்டாக ஒன்று பாசி இலைமேல் ஏறிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஓரத்தில் நூல் மாதிரி ஒரு புழு நெளிந்தது.

"நான் தினமும் தட்டுற ப்ரஷ்ஷா இது?" என்றார் மெதுவாக. "இத்தன வருஷமா உள்ள குடித்தனம் பண்ணிட்டு இருக்குதுங்க."

அவள் படிவத்தை எடுத்தாள். "இருபத்தேழுன்னே எழுதிக்கயேன்," என்றார்.

"அது பொய்யாயிடும் மாமா. எம்பது பஸ்ஸோட அழுக்கும் பாசியும் இதுல இருக்கு. எடம், பஸ் கழுவுற ப்ரஷ். இதுவரைக்கும் இப்படி ஒரு எடத்த நான் யோசிச்சதுகூட இல்ல." பேனாவை அவரிடம் நீட்டினாள். "தேதிய மட்டும் பொறுப்பாளர்தான் கைப்பட எழுதணும். ஒரு காப்பி உங்க மேனேஜருக்கும் போகும்."

நுரை பேனாவை வாங்கினார். எதிர்ச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், சுத்தத்துக்காக அவருக்குக் கொடுத்த சான்றிதழ்கள் நான்கு மாட்டியிருந்தன. நேற்று என்று எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது? இன்னொரு தரம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். குண்டு ஆசாமி இலையின் உச்சிக்குப் போய்விட்டிருந்தது. அவர் கட்டம் நிறைய, பெரிய எழுத்தில், 'கழுவியதே இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மச்சினி அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "நாப்பது பேர்ல நீங்க ஒருத்தர்தான் மாமா உண்மைய எழுதியிருக்கீங்க."

"இரு, குடு," என்று நுரை காகிதத்தைத் திரும்ப வாங்கினார். கட்டத்தில் இடம் இல்லாததால் ஓரமாகச் சேர்த்தார்: 'இனியும் கழுவுவதாக இல்லை.'