எடுத்துவைத்த முப்பது

முப்பது என்று சொன்னவன் என் மகன் விஷால். ஏன் முப்பது, ஏன் நாற்பது இல்லை என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. வானகரத்தில் அவன் வாங்கியிருக்கும் ஃபிளாட்டில் எங்களுக்கென்று ஒரு அறை ஒதுக்கியிருக்கிறான். அதில் கட்டில் போட்டு, பீரோ வைத்துவிட்டால் மீதி இடத்தில் ஒரு ஆள் நிற்கலாம். "அப்பாவோட ரெக்கார்டுல ஒரு முப்பது மட்டும் எடுத்துக்கச் சொல்லும்மா, மீதிய குடுத்துடலாம்" என்று போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். சொல்வது அவனுக்குச் சுலபம். இருநூற்று எண்பது இசைத்தட்டில் முப்பதைப் பொறுக்கு என்று என் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டியவள் நான்தான்.

அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் நாங்கள் இருபத்திரண்டு வருடமாக இருக்கும் வீட்டை ஹவுஸ் ஓனர் இடித்துக் கட்டப்போகிறார். மாத முடிவுக்குள் காலி செய்தாக வேண்டும். அதனால்தான் இந்தப் பொறுக்கல்.

என் வீட்டுக்காரர் பெயர் டில்லிபாபு. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் முப்பத்துநாலு வருடம் இரும்புத் தகடு வெட்டினார். குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மூர் மார்க்கெட் பக்கம் போய்விடுவார். ஊரே கேசட்டுக்கு மாறி இசைத்தட்டுகளைத் தூக்கிப்போட்ட காலத்தில் இவர் அவற்றைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆறு மாதம் நான் அவருடன் முகம் கொடுத்துப் பேசாமல்கூட இருந்து பார்த்தேன். மனிதர் அசையவில்லை. பாட்டு கேட்டுக்கொண்டே என் கோபத்தைக் கழித்துவிட்டார். தட்டின் முகத்தில் விரல் படக்கூடாது, எந்தத் தட்டும் அதன் கவருக்குள்தான் திரும்பப் போக வேண்டும். இந்த இரண்டு விஷயத்துக்காக அவரிடம் நான் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

பிரஸ் ஷாப்பில் காதடைப்பு கொடுத்தார்கள். ஒருவரும் போடமாட்டார்கள். மிஷின் சத்தம் மாறுவது காதில் விழுந்தால்தான் கையை வெளியே இழுக்க முடியும், அடைத்துக்கொண்டால் விரல் போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. சட்டைப் பையில் காதடைப்பு, காதில் முப்பத்துநாலு வருடம் இடி. ஒருவரோடு ஒருவர் பேசுவதெல்லாம் வாயசைப்பைப் பார்த்துத்தான். இவரோடு சேர்ந்தவர்களில் பத்து விரலோடு ரிட்டயர் ஆனவர்கள் மூன்று பேர், அதில் இவர் ஒருவர். காதைக் கொடுத்து விரலைக் காப்பாற்றிக்கொண்டார்.

அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதுதான் விஷாலுக்குத் தெரிந்தது. காதில் மாட்டும் மிஷின் வாங்கிக் கொடுத்தான். "பிரஸ் ஷாப்பு மறுபடி மண்டைக்குள்ள வந்துடுச்சு" என்று இரண்டாம் நாளே கழற்றி டிராயருக்குள் போட்டார். யார் பேசினாலும் வாயைப் பார்த்தே பதில் சொல்லிவிடுவதால் யாருக்கும் பெரிதாகத் தெரிவதில்லை. எனக்கே தெரியாது, அந்தப் புயல் மழை வரும்வரை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் டிசம்பரில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அவர் டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அலமாரியின் கீழ் அடுக்குகள் நனைந்து, ஈரம் மேலேயும் ஏறிவிட்டது. நான் ஒருத்தி எல்லாக் கவரிலிருந்தும் தட்டை உருவி, துடைத்து, கவர்களைக் கொடியில் துணி மாதிரி தொங்கவிட்டுக் காயவைத்தேன். திரும்பப் போடும்போதுதான் எது எதற்குள் போகும் என்று தெரியாமல் விழித்தேன். தட்டின் நடுவில் பெயர் ஒட்டியிருக்கிறது, இங்கிலீஷில். நான் அஞ்சாவது, அதுவும் தமிழ். கையில் வந்ததைக் கிடைத்த கவரில் செருகினேன். வந்து திட்டட்டும், உயிரோடு வந்து திட்டினால் போதும் என்று நினைத்தேன்.

வந்தார். ஒரு வாரம் படுத்திருந்துவிட்டு, ஒருநாள் சாயங்காலம் படகு படம் போட்ட கவரை எடுத்தார். அவர் அம்மா இறந்த வருடம் வாங்கியது. அதில் ஒரு சோகப்பாட்டு உண்டு, அதைப் போட்டால் வீட்டில் யாரும் பேசக்கூடாது. படிக்கிற கண்ணாடி போடாமலேயே தட்டை வைத்து, முள்ளை இறக்கி, சத்தத்தை முழுக்கத் திருப்பினார். வந்தது என்னவோ கிளப் டான்ஸ் பாட்டு. நான் கரண்டியோடு வாசற்படியில் நின்று திட்டுக்குக் காத்திருந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தொடையில் மெதுவாகத் தாளம் போட்டார். பாட்டில் ஒருத்தி ஹிக் ஹிக் என்று குடிகாரி மாதிரி விக்கிக்கொண்டிருக்கிறாள், இவர் கன்னத்தில் கண்ணீர் இறங்குகிறது. அடுப்பில் குழம்பு தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் நான் நகர்ந்தேன்.

அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக்கு இதுதான். நான் டீ கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வேன். கவரைப் பார்த்துத் தட்டை வைப்பதோடு சரி, நடுவில் ஒட்டியிருக்கும் பெயரை அவர் படிப்பதே இல்லை. ஒரு கவரை மடியில் வைத்துக்கொண்டு, வேறு ஏதோ பாட்டுக்கு அவர் தலையாட்டுவார். கேட்காதது எனக்குத் தெரியக்கூடாது என்று வீம்புக்கு நடிக்கிறார் என்று நினைத்தேன். ஆம்பிளை வீம்பு, அதை நான் ஏன் உடைக்க வேண்டும்? அக்கம்பக்கத்தார் சத்தத்துக்குச் சண்டைக்கு வந்தால் நான் போய்ச் சமாளித்தேன். எனக்குத் தலைவலி வந்தாலும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது பொறுக்கல் வந்ததும்தான் சிக்கலே ஆரம்பித்தது. ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார். "இது இருக்கட்டும்." "இது போவட்டும்." போகட்டும் என்று அவர் தள்ளிய கவருக்குள் இருந்த தட்டில், அவர் உயிராக நினைத்த பாட்டு அலறிக்கொண்டிருந்தது. இருக்கட்டும் என்று தடவிக்கொடுத்து எடுத்துவைத்ததில் ஏதோ ஒரு பக்தி மேளம். இப்படியே முப்பது சேர்ந்தது. அவர் ஆசைப்பட்டதெல்லாம் யாரோ ஒருவன் வண்டியில் போகப்போகிறது, தப்பானவை எங்களோடு வரப்போகின்றன. இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த யாரையாவது கூட்டிவந்து பொருத்திவைக்கலாமென்றால் மனிதர் அந்த வாரம் வீட்டை விட்டு நகரவே இல்லை. எப்படியாவது அந்த முப்பது கவருக்குள் அதனதன் தட்டு போய்விட வேண்டும், அவருக்குத் தெரியாமல். தெரிந்தால் நான் இரண்டு வருடம் சும்மா பார்த்துக்கொண்டிருந்ததும் தெரிந்துவிடும். அதுதான் என் பயம்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அமீர் வந்தான். கரையான்சாவடியில் பழைய ரேடியோ, இசைத்தட்டு வாங்கி விற்கிறவன். முப்பத்தைந்து வயதிருக்கும், நல்ல பிள்ளை. மீதி இருநூற்று ஐம்பதையும் எடுத்துப்போக வண்டியோடு வந்திருந்தான். அவனைத் தனியாகப் பிடித்து விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று நான் வாசலுக்குப் போவதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"வாப்பா, குந்து. நான் வெச்சிக்கப்போறத ஒண்ணு போடுறேன், கேட்டுட்டுப் போ. இந்த மாதிரி வயலினு இப்ப எவன் வாசிக்கிறான்?"

அலமாரியெல்லாம் காலி செய்து, பீரோவைக்கூட ஹாலுக்கு இழுத்து வைத்திருந்தோம். இவர் பாயில் உட்கார்ந்து முள்ளை இறக்கினார். வந்தது கரகாட்டப் பாட்டு. அமீர் கவரைப் பார்த்தான், சுற்றும் தட்டைப் பார்த்தான். "இப்ப வரும் பாரு, இந்த எடந்தான்" என்று இவர் விரலைத் தூக்கிக் காட்டினார். பம்பை அடித்து நொறுக்கியது. அமீருக்கு முதலில் சிரிப்பு வந்து, பிறகு என்னைப் பார்த்ததும் நின்றது.

"சூப்பர் நைனா" என்றான்.

இவர் கண்ணை மூடிக்கொண்டதும் நான் அவனைப் பீரோ பக்கம் கூப்பிட்டேன். அவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். அவர் கண்ணைத் திறந்தாலும் என் வாய் தெரியக்கூடாதே.

"இன்னாமா இது, கவர் ஒண்ணு, தட்டு ஒண்ணு கீது?" என்றான் அமீர்.

"வெள்ளத்துல நான்தாம்பா மாத்திப் போட்டுட்டேன். அவருக்குத் தெரியாது. அவருக்கு ஒண்ணுமே கேக்காது, ரெண்டு வருஷமாச்சு. தெரியாத மாதிரியே நானும் இருந்துட்டேன். இந்த முப்பதுக்கு மட்டும் சரியானத தேடிப் போட்டுக் குடுத்துடு சாமி, அவருக்குத் தெரிய வேணாம்."

அமீர் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு எதிரே இருந்த பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் நிமிர்ந்து பார்த்தேன். பீரோ கதவில் ஆளுயரக் கண்ணாடி. எப்போதும் உள்ளறையில் நிற்கும் பீரோ, இன்று ஹாலில். அந்தக் கண்ணாடியில் என் வாயும் தெரிந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரின் கண்ணும் தெரிந்தது. நாற்பது வருடம் அந்த மனிதரோடு குடும்பம் நடத்தியும் இவ்வளவு மடத்தனம் எனக்கு.

அவர் எழுந்து வந்து முள்ளைத் தூக்கினார்.

"ரெண்டு வருஷமாவா?"

தலையசைத்தேன்.

"தெனம் அஞ்சு மணிக்கு எதிர்ல குந்திக்கினு இருந்தியே. பாத்துகினா இருந்த?"

"உங்களுக்கு அவமானமா இருக்கும்னுதாங்க... நீங்க எனக்கோசரம் கேக்குற மாதிரி இருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றேன், வாயைப் பெரிதாக அசைத்து.

"கேக்குற மாதிரி இல்லம்மே." அவர் காதைத் தொட்டுக் காட்டினார். "எனக்குக் கேட்டுச்சு. முள்ளு வெச்சதும் பாட்டு வந்துச்சு. வயலினு வந்துச்சு. பேச்சுதான் கேக்கல, பாட்டு கேக்குதுன்னுதான் நான் இருந்தேன்."

நடிக்கிறார் என்று இரண்டு வருடம் நான் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்த மனிதர், நிஜமாகவே பாட்டு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்குள் ஓடிக்கொண்டிருந்ததை நான் ஒரே வாக்கியத்தில் நிறுத்திவிட்டேன். என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். தட்டு முகத்தில் விரல் பட்டதற்கே தாம்தூம் என்று குதித்தவர், எடுத்துவைத்த முப்பது கவர் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

ஒவ்வொரு கவராகத் தள்ளிப் பார்த்தார். நடுவிலிருந்து ஒன்றை உருவினார், மஞ்சள் கவர், தறி நெய்யும் பெண் படம் போட்டது.

"அமீரு, இதுக்கு உண்டான தட்டு எங்க கீதுன்னு பாத்து எடு. நெசமானத போடு."

அமீர் மண்டி போட்டு ஒவ்வொரு கவராக உருவிப் பெயரைப் படித்தான். அரைமணி நேரம் ஆகியிருக்கும். இவர் பாயில் போய் உட்கார்ந்து, மஞ்சள் கவரை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். சாமி கும்பிடும்போதுகூட நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. தொடை மேல் கை தயாராக இருந்தது. கேட்டுவிடட்டும், ஒரே ஒரு வரியாவது கேட்டுவிடட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

தட்டு கிடைத்தது. போகட்டும் என்று அவர் தள்ளிய குவியலில் இருந்தது. அமீர் அதை ஓரத்தில் பிடித்துத் துடைத்து, வைத்து, முள்ளை இறக்கினான். சத்தத்தை முழுக்க வைத்தான். பாட்டு வீட்டை நிறைத்தது. போன வாரமும் இதே பாட்டு ஒலித்தது, வேறு ஏதோ கவருக்கு. எனக்குப் பாட்டு ஞானமெல்லாம் கிடையாது, ஆனால் கல்யாணமான புதிதில் இவர் ஷிஃப்ட் முடிந்து வரும்போது சைக்கிளை நிறுத்திக்கொண்டே முணுமுணுத்தது இதுதான். முதல் வரி போயிற்று. வயலின் வந்தது, அவர் சொன்ன மாதிரியே, அவ்வளவு அழகாக. பக்கத்து வீட்டு ஜன்னல்கூடத் திறந்தது.

அவர் கை தொடை மேல் அப்படியே இருந்தது. முதல் சரணமும் முடிந்துவிட்டது. மெதுவாகக் கண்ணைத் திறந்து அமீரைப் பார்த்தார்.

"இன்னும் கெடைக்கலியாப்பா?"

அமீர் என்னைப் பார்த்தான். "போட்டாச்சு நைனா" என்று அவன்தான் வாயசைத்தான்.

அவர் சுற்றிக்கொண்டிருந்த தட்டைக் குனிந்து பார்த்தார். தலையாட்டினார். பிறகு எழுந்து, எடுத்துவைத்த முப்பதையும் இரண்டு கையாலும் அள்ளி அமீரின் குவியல் மேல் வைத்தார். பாட்டு இன்னும் முடியவில்லை. அது முடியும்வரை நானும் அமீரும் நின்று கேட்டோம்.