பழுப்புப் பஞ்சு

கஜேந்திரனுக்கு மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது குற்றமில்லை. லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சட்டியில் கிடக்கும் மீனைத்தான் தெரியும். ஆனால் தெரியாத ஒன்றைப் பற்றி ஒரு மனுஷனால் எப்படி அவ்வளவு உரக்கப் பேச முடிகிறது என்பதுதான் ஜீவராணிக்கு ஆறு வருஷமாக விளங்கவில்லை.

அவன் தோட்டத்தில் தொழிலாளர் நலன் பார்க்கும் வெல்பெயர் ஐயா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் அவள் ஆயா. ஆறு வருஷமாகத் தற்காலிக ஆயா. நிரந்தரக் கடிதத்துக்குக் கஜேந்திரன் மனம் வைக்க வேண்டும். அதனால் அவன் மேலுள்ள இளக்காரத்தை அவள் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள். வெளியே வருவது காம்பராச் சமையல்காரி வீரம்மாவிடம் மட்டும்தான். தோட்ட மேலாளரான பெரிய தொரை வாயைத் திறப்பதற்குள் "ஆமாங்க தொரை" என்று கஜேந்திரன் குழைவானே, அந்தக் குரலை ஜீவராணி அச்சாகச் செய்து காட்டுவாள். கழுத்து கொஞ்சம் உள்ளே போகும், 'ஆமாங்க' மூக்கால் வரும். வீரம்மா அடுப்படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

காம்பராப் பிள்ளைகளுக்கென்று கொழும்பிலிருந்து ஓர் உதவி நிறுவனம் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி அனுப்பியது. ஃபில்டர் வரவில்லை. அதை வாங்க ஹட்டனுக்குப் போனபோது கஜேந்திரன் ஜீவராணியையும் கூட்டிப்போனான், பெட்டி தூக்க.

மீன் கடையில் ஸாலிஹா என்ற பெண் இருந்தாள். தொட்டியின் அளவைக் கேட்டாள், எத்தனை மீன், என்ன மீன் என்று கேட்டாள், பிறகு ஒரு குழாயில் செருகிய கைப்பிடியளவு பஞ்சை எடுத்து வைத்தாள்.

"வால் நீண்ட சின்ன மீனுக்கு இந்தப் பஞ்சு ஃபில்டர் போதும் சேர். காத்து மோட்டர் ஒன்டு பூட்டினா மெதுவா இழுக்கும்."

கஜேந்திரன் பஞ்சை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான். "இது சட்டி கழுவுறதுதானே? இத மாட்டி வச்சா பெரிய தொரை என்ன நெனப்பாரு? அந்தா, அந்தப் பெருச எடு."

"அது நாலடித் தொட்டிக்கு சேர். இந்தச் சின்ன மீன் அந்த இழுவை தாங்காது."

"தாங்கும் தாங்கும். ஃபில்டர் ஓடுதுன்னு பாக்குறவங்களுக்குத் தெரியணும். சத்தம் வரணும்!"

நீலவிளக்கு வைத்த அந்தப் பெரிய ஃபில்டர் பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டு அவன் போன் பேச வெளியே போனான். ஸாலிஹா அவன் முதுகைப் பார்த்தாள். பிறகு ஜீவராணியைப் பார்த்தாள். இரண்டு பெண்களுக்கும் பேச வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆனாலும் ஸாலிஹா சொன்னாள்.

"தங்கச்சி, பஞ்சு போகப் போகப் பழுப்பாகும். பயப்படாதீங்க. மீன்ட கழிவைத் தின்னுற நல்ல கிருமி அதுலதான் இருக்கி. டெப்புல வார தண்ணியில கழுவினா எல்லாம் செத்துடும். தொட்டித் தண்ணியையே வாளியில எடுத்து ரெண்டு தரம் பிழிஞ்சாப் போதும்."

கஜேந்திரனின் பெட்டி தண்ணீர் பம்ப் மாதிரி உறுமியது. ஆறு மீன்களும் வாலைச் சமாளிக்க முடியாமல் தொட்டிக்குள் சுழன்றன. மூன்றாம் நாள் காலையில் இரண்டு, பெட்டி தண்ணீர் இழுக்கும் வாயில் ஒட்டிக்கொண்டு செத்துக் கிடந்தன. பிள்ளைகள் ஒப்பாரி வைத்தார்கள். கஜேந்திரன் வந்து பார்த்துவிட்டு, "ஒனக்குப் பாத்துக்கத் தெரியல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை ஜீவராணி பஸ் ஏறி ஹட்டனுக்குப் போய், தன் கைக்காசில் பஞ்சு ஃபில்டரையும் காற்று மோட்டரையும் வாங்கி வந்து மாட்டினாள். பெரிய பெட்டி ஏன் ஓடவில்லை என்று கஜேந்திரன் கேட்டபோது, "கரண்ட் மிச்சமாகுதுங்க ஐயா" என்றாள். அதைத் தன் யோசனையாக அவன் தொரையிடம் சொல்லிப் பெயர் வாங்கிக்கொண்டான். எடுத்துக்கொள்ளட்டும். மீன் நாலும் பிழைத்துக் கிடந்தன.

இரண்டு மாதத்தில் பஞ்சு நன்றாகப் பழுப்பேறியது. தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. அப்போதுதான் தொட்டி கொடுத்த நிறுவனத்து மெடம் பார்வையிட வருகிறார் என்று சேதி வந்தது.

விருந்தாளி வந்தால் தோட்டத்தில் அசையாத பொருளெல்லாம் வெள்ளையாகும். தோட்டத்து வேலையாள் பழனியாண்டி சுண்ணாம்பு வாளியோடு நாள் முழுக்க அலைந்தான். பாதையோரக் கல்லுக்கு வெள்ளை, தண்ணீர் ஓடும் கானுக்கு வெள்ளை, மரத்துக்கு இடுப்பு வரை வெள்ளை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுவது ஒழுகிக்கொண்டே இருந்தது, கூரையை அண்ணாந்து பார்க்கிற விருந்தாளி இதுவரை வந்ததில்லை. வெள்ளையடிக்க வேறெதுவும் மிச்சமில்லாமல் போனதும் கஜேந்திரன் மீன் தொட்டிக்கு வந்தான்.

"என்னது இது, கக்கூசு கழுவுன துணி மாதிரி? ப்ளீச்சிங் பவுடர் போட்டு வெள்ளையாக் கழுவு. இல்லாட்டித் தூக்கி எறிஞ்சிட்டு நான் வாங்குனத மாட்டு." போகும்போது திரும்பி நின்றான். "மெடம் கையாலயே ஒனக்குக் கடிதத்தக் குடுக்க வைக்கலாம்னு இருக்கேன். பாத்து நடந்துக்க."

ஜீவராணி பஞ்சைக் கழுவவில்லை. மெடம் வரும் நாள் காலையில் தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் மொண்டு, பஞ்சை அதில் போட்டு, காற்று மோட்டரைப் பக்கத்தில் வைத்து அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஓடவிட்டாள். பெரிய பெட்டியைத் தொட்டியில் மாட்டி, மீன்களை அடிக்காதபடி அது தண்ணீர் பீச்சும் வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தாள். இரண்டு மணி நேரம்தானே. ஒரு மடையனை ஏமாற்ற இது போதும் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு இனிப்பாகக்கூட இருந்தது.

மெடம் நல்ல மனுஷிதான். கதிரையில் உட்காராமல் பிள்ளைகளோடு தரையில் முட்டிபோட்டு மீன் பார்த்தார்.

"எங்க வீட்டிலயும் மகளுக்கு ஒரு தொட்டி வாங்கியிருக்கோம். இதே அளவுதான். எந்த ஃபில்டர் போடுறதுன்னுதான் தெரியல" என்றார்.

கஜேந்திரனுக்கு அது போதுமானதாக இருந்தது. கடையிலேயே பெரியதை எடுக்க வேண்டும் என்றான். சின்னப் பஞ்சைக் காட்டி ஏமாற்றுவார்கள், வாங்கிவிடக் கூடாது என்றான். வாரம் தவறாமல் ப்ளீச்சிங் பவுடர் போட்டு வெள்ளை வெளேரென்று கழுவ வேண்டும் என்றான். இதையெல்லாம் பத்து வருஷமாக மீன் வளர்த்தவன் மாதிரி சொன்னான். மெடம் தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு ஜீவராணி பக்கம் திரும்பினார்.

"நீங்கதானே தினமும் பாத்துக்கிறீங்க? ஐயா சொல்றது சரியா?"

ஸாலிஹா சொன்னது முழுவதும் ஜீவராணியின் நாக்கு நுனியில் இருந்தது. கதவுக்குப் பின்னால் வாளிக்குப் பக்கத்தில் காற்று மோட்டர் முனகுவது அவள் காதுக்குக் கேட்டது. கஜேந்திரனின் கக்கத்தில் ஃபைல் இருந்தது, ஃபைலில் கடிதம் இருந்தது.

"ஆமாங்க மெடம். ஐயா சொல்றது சரிதாங்க."

மெடம் அதைப் போனில் குறித்துக்கொண்டார்.

கடிதம் கிடைத்தது, படம் பிடித்தார்கள். எல்லாரும் போனபிறகு ஜீவராணி பஞ்சைத் தொட்டியில் மாட்டினாள். கடிதத்தை வீட்டில் அலுமாரிக்குள், துணிக்கடியில் வைத்துப் பூட்டினாள். விசாரிக்காமல் நம்பியது மெடத்தின் தப்பு என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். இந்த ஆள் பேச்சை நம்புகிற படித்த பொம்பளையும் ஒரு பொம்பளையா என்று இளக்காரமாக நினைத்துப் பார்த்தாள். கஜேந்திரன் மேல் தானாக வரும் இளக்காரம் மெடத்தின் மேல் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து கஜேந்திரன் போனும் கையுமாகக் காம்பராவுக்குள் வந்தான். சிரித்துக்கொண்டிருந்தான்.

"மெடம் இப்பதான் பேசுனாங்க. வீட்டு மீன் பூராவும் செத்துப் போச்சாம். மறுபடி வாங்கி விட்டாங்களாம், அதுவும் போச்சாம். மக சோறு திங்காம அழுவுதாம். நான் சொல்லிட்டேன், ஃபில்டர் பத்தாது, இதவிடப் பெருசா எடுங்க, இன்னும் நல்லாக் கழுவுங்கன்னு. சரிதானே ஜீவராணி?"

கடிதம் அலுமாரியில் பத்திரமாக இருந்தது. நினைத்தபோது வேலையிலிருந்து நிறுத்துவதற்கு அவள் இனித் தற்காலிக ஆயா இல்லை. பேசினால் கொழும்பில் ஒரு பிள்ளையின் மீன் பிழைக்கும். இவ்வளவும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பேசத்தான் வாயைத் திறந்தாள்.

"ஆமாங்க ஐயா."

கழுத்து கொஞ்சம் உள்ளே போயிருந்தது. 'ஆமாங்க' மூக்கால் வந்திருந்தது. கஜேந்திரன் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினான்.

அடுப்படியில் வீரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அச்சு அசல் அவரேதான் புள்ள! ஆனாலும் ஒனக்கு நெஞ்சழுத்தம்டி, மூஞ்சிக்கு நேராவே செஞ்சு காட்டிட்டியே!"