நின்று எடுத்த படம்

எனக்குப் பொறுமை கம்மி. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள்; ஆத்திரக்காரிக்கும் அதே கதிதான். எண்பத்துமூன்றாம் வருஷம் ஒரு காலை, ஆஸ்பத்திரி வாசலில் நாற்பது பேர் காத்திருந்த அவசரத்தில், ஆதிமூலத்தின் முழங்கால் எக்ஸ்ரேயைப் பார்த்து, "தேய்மானம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஆதிமூலம் தபால்காரர். செங்கம் ரோட்டிலிருந்து அடி அண்ணாமலை வரை நடை. ஆசிரமப் பக்கத்து வெள்ளைக்காரர்களுக்கு வரும் புத்தகப் பார்சல்களே பாதிப் பாரம். கால் முடியவில்லை, உட்கார்ந்து தபால் பிரிக்கிற வேலை கொடுங்கள் என்று கேட்டிருந்தார். என் வரியைப் படித்த ஆபீஸ், நடிக்கிறார் என்று மெமோ கொடுத்துவிட்டது. கெடுவுக்குள் வேறு சர்டிபிகேட் வராவிட்டால் பையைத் தூக்க வேண்டும், இல்லையேல் வேலையை விட வேண்டும்.

மூன்று வாரம் கழித்து, மறுநாள் காலையோடு கெடு முடிகிற நிலையில், அவர் மெமோவோடு வந்தபோதுதான் அந்த முழங்காலைத் தொட்டேன். எழுதிய பிறகு தொடுகிறேன், வெட்கக்கேடு. மடக்கி நீட்டினால் உள்ளங்கைக்கடியில் நறநறவென்றது. முழுக்க மடங்கவில்லை. உட்புறம் அழுத்தியதும் பல்லைக் கடித்தார். காலையில் எழுந்தால் கால் மணி நேரம் விறைத்துக் கிடக்கிறதாம்.

பழைய படம் படுக்க வைத்து எடுத்தது. படுத்தால் மூட்டின் மேல் பாரம் இல்லை. தேய்ந்திருந்தாலும் எலும்புகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதுபோல் தெரியும்.

"நிக்க வெச்சு எடுங்க," என்று எக்ஸ்ரே பலராமனை விரட்டினேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே பிலிம் பெட்டியை ஸ்டூலில் சாய்த்து எடுத்தார். ஈரம் சொட்டும் படத்தை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். இடைவெளி அப்படியே இருந்தது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கை ஒன்று சொல்கிறது, படம் ஒன்று சொல்கிறது. மணி நாலரை. வராந்தாவில் மேலும் கீழுமாக நடந்தேன். பிறகு எக்ஸ்ரே அறைக்கே போய், ஆதிமூலத்திடம், "எப்படி நின்னீங்க? நின்னு காட்டுங்க," என்று கத்தினேன்.

நின்றார். உடம்பு முழுக்க இடது காலில். நோவுள்ள வலது கால் பேருக்குத் தரையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏன் அந்தக் கால ஊனல?"

"மொதல்ல வந்தப்ப நீங்கதானம்மா சொன்னீங்க, நோவுற கால் மேல பாரம் போடாதேனு. அன்னிலேர்ந்து இப்படித்தான் நின்னுகினு இருக்கேன்."

பலராமன் சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினார். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

"இன்னிக்கு மட்டும் போடுங்க. ரெண்டு கால்லயும் சமமா."

ஊன்றினார். முகம் கோணியது. படம் வந்தபோது உட்புற இடைவெளியைக் காணோம். எலும்பின் மேல் எலும்பு உட்கார்ந்திருந்தது.

"தேஞ்சிருக்குதாம்மா?"

"ரொம்பத் தேஞ்சிருக்குதுங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டார். கால் கெட்டதற்கு ஒரு மனுஷன் இப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. பழைய வரியை அடித்து, தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப்பையில் வைத்தவர் நகரவில்லை.

"அந்தப் படத்த ஒரு நாளைக்குக் குடுப்பீங்களாம்மா?"

"ஆபீசுக்கு இந்தச் சர்டிபிகேட்டே போதும்."

"ஆபீசுக்கு இல்லம்மா. எங்க வூட்டுக்காரிகிட்ட காட்டணும். மூணு வாரமா அதுவும் என்ன நம்பல. டாக்டரம்மாவே எழுதிட்டாங்களேனு சொல்லிச்சு."