அப்பாவுக்குத் தலைவலி இல்லை

எர்லானும் அவன் அம்மா மிர்த்தாவும் என்னைப் பெண் கேட்கச் சமவெளி நகரமான சாந்தா குரூஸிலிருந்து எங்கள் மலை நகரமான எல் ஆல்ட்டோவுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்த நான்கு பேருக்கும் தலை வலித்தது. விருந்தாளிகள் இருவரும் வாய்விட்டுச் சொன்னார்கள். நான் கல்யாணப் பதற்றம் என்று நினைத்துச் சும்மா இருந்தேன். என் அப்பா கசிமிரோ, தமக்கு ஒன்றுமே இல்லை என்றார்.

அவர் பிறந்தது நாலாயிரம் மீட்டர் உயரத்தில். சொரோச்சி என்கிற மலை மயக்கம் சமவெளிக்காரர்களுக்கு வருவது. எங்களுக்கு வந்தால் வெளியே சொல்லமாட்டோம்.

எங்கள் பக்கம் ஜூன்தான் கடுங்குளிர் மாதம். விருந்தாளிகள் நடுங்கக் கூடாது என்று அப்பா காலையிலேயே ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் டேப் ஒட்டிவிட்டு, இறைச்சி சுடுகிற கரி அடுப்பைத் தூக்கிக் கூடத்து நடுவில் வைத்திருந்தார்.

"முதல் தரமான கரி, சம்பந்தி. துளி புகை இருக்கா, வாசனை இருக்கா, சொல்லுங்க?"

மிர்த்தா முகர்ந்து பார்த்தாள். "ஒண்ணும் இல்ல. ஆனா தலைதான் பிளக்குது."

"சொரோச்சி! உங்க ஊரு மாம்பழம் மாதிரிதான் நீங்களும். மேல ஏத்தினா தாங்காது."

"எங்க மாம்பழத்தச் சொல்லாதீங்க. உருளைக்கிழங்கைக் கல்லாட்டம் காயவச்சுக் கடிக்கிறவங்க நீங்க."

அப்பா சிரித்துக்கொண்டே நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டார். நான் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். மலை மயக்கத்துக்கு மருந்தென்று மறுபடியும் கோக்கா இலைத் தேநீர் ஊற்றினார். அடுப்பில் இன்னும் இரண்டு கை கரியும் போட்டார்.

எர்லான் எழுந்து நின்றான். வெளுத்துப்போயிருந்தான். பேருந்தில் மனப்பாடம் செய்துவந்த பேச்சை ஆரம்பித்தான். "மதிப்புக்குரிய மாமா, உங்க மகள் சுலேமாவை..." என்று உருக்கமாகச் சொல்லிக் கைகூப்பினான். ஆனால் அவன் பேசியது, மூலையில் அப்பாவின் கோட்டும் தொப்பியும் மாட்டியிருந்த ஸ்டாண்டைப் பார்த்து.

"மாப்பிள்ளை, நான் இங்க இருக்கேன்" என்றார் அப்பா. சற்று யோசித்து, "பரவாயில்ல, அந்தக் கோட்டும் என்னுதுதான்" என்றார்.

அதற்கு யாருமே சிரிக்கவில்லை. மிர்த்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்னை எனக்குப் பிடிச்சிருக்கும்மா. ஆனா கல்யாணத்துக்கப்புறம் இவன் இந்த ஊர்லதான் இருக்கப்போறேங்கறான். ரெண்டு மணி நேரத்துலயே புத்தி கலங்கிப் போச்சு. இந்த உயரம் இவனுக்கு ஆகாது. சாயங்காலப் பஸ்ஸுக்குக் கிளம்புறோம். மன்னிச்சுக்கோ."

எனக்கு அழுகை வந்தது. முற்றத்துக்கு எதிர்ப்புறம் இருந்த சமையலறைக்கு, வேர்க்கடலை சூப்பைச் சுடவைக்கப் போவதாகச் சொல்லித் தப்பித்தேன். கதவே இல்லாத அந்தச் சமையலறையில் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. நன்றாக அழுது முடித்து, சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன்: என் தலைவலி முக்கால்வாசி குறைந்திருந்தது.

சட்டியோடு திரும்பினால், கூடத்தில் அப்பாவும் மிர்த்தாவும் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தார்கள்.

"என்னப்பா ஆச்சு?"

"பொத்தான் விழுந்துடுச்சு. தேடுறோம்" என்றார் அப்பா, மூச்சு வாங்க.

"எனக்கும் கால் நிக்கல. அதான் கூடச் சேர்ந்து தேடுறேன்" என்றாள் மிர்த்தா. எர்லான் வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலிக்கு அடியில் கிடந்தான். அப்பா போட்டிருந்தது கம்பளி ஸ்வெட்டர். அதில் பொத்தானே கிடையாது.

சட்டியைக் கீழே வைப்பதற்குள் எனக்கு மறுபடி நெற்றி துடித்தது. முற்றமும் கூடமும் ஒரே உயரம். மலையென்றால் அங்கேயும் வலித்திருக்க வேண்டும். இங்கே இருப்பதும் அங்கே இல்லாததும் அந்தக் கரி அடுப்பு ஒன்றுதான்.

"கரி! எல்லாரும் வெளிய வாங்க!" என்று கதவை விரியத் திறந்தேன்.

"மூடு கழுதை! விருந்தாளிங்களுக்குக் குளிரும்!"

எர்லானை அக்குளில் கைகொடுத்து முற்றத்தில் இழுத்துப் போட்டேன். மிர்த்தா என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு தானே ஊர்ந்து வந்தாள். அப்பாவை என்னால் அசைக்க முடியவில்லை.

"எனக்கு ஒண்ணுமில்ல. நான் என்ன சமவெளிக்காரனா? பொத்தான் கிடைச்சதும் வரேன்." கண்கள் செருகிக்கொண்டிருந்தன.

வாதாட நேரமில்லை. "அப்பா, பொத்தான் முற்றத்துல கிடக்கு! இப்பத்தான் பார்த்தேன்!"

"முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று முணுமுணுத்தபடி அவர் நாலு காலில் வெளியே வந்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் தன் வேனில் எங்களை மருத்துவ நிலையத்தில் இறக்கினார். நால்வருக்கும் முகமூடி மாட்டி ஆக்சிஜன் வைத்த நர்ஸ், திட்டிக்கொண்டே இருந்தாள். "புகை இல்லைன்னா விஷம் இல்லைன்னு யாரு சொன்னது? கரி வாயு கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. தலைவலி, வாந்தி, கால் துவளும், அப்புறம் தூக்கம் வரும். இன்னும் அரை மணி இருந்தா நாலு பேரும் தூங்கியிருப்பீங்க. எழுந்திருச்சிருக்க மாட்டீங்க."

மிர்த்தா முகமூடியைத் தூக்கினாள். "உங்களுக்கென்ன, நீங்க சொல்லிடுவீங்க. என் பையனுக்கு வந்தது மலையோ கரியோ, நான் எப்படி நம்புறது? இந்த ஊர்க்காரர் ஒருத்தர் கூடவே இருந்தாரு. அவருக்குத் தலையே வலிக்கலையாமே."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் கூரையைப் பார்த்தார். எர்லான் போர்வைக்கடியில் என் விரல்களைத் தேடிப் பிடித்துக்கொண்டான். எங்கள் கல்யாணம் அந்தப் பிடிவாதத் தலைக்குள் இருந்தது. நான் கெஞ்சவில்லை, ஒரே ஒரு தடவை "அப்பா" என்றேன்.

அவர் முகமூடியைக் கழற்றினார். தொண்டையைச் செருமினார்.

"வலிச்சுது."

"என்ன? காதுல விழல" என்றாள் மிர்த்தா.

"வலிச்சுதுன்னேன்! பன்னெண்டு மணியிலேர்ந்து வலிச்சுது. உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து வலிச்சதைவிட எனக்கு அதிகமா வலிச்சுது. நீங்க ஊர்ப்பட்ட சத்தம் போட்டீங்க. நான் வாயைத் திறக்கல. அதுதான் மலைக்காரன்."

"அதிகமாவா? எனக்கு ரெண்டு கண்ணும் தெரியல, சம்பந்தி!"

"எனக்கு மூணு சம்பந்தி தெரிஞ்சாங்க."

நர்ஸ் வந்து இருவர் முகமூடியையும் இழுத்து மாட்டினாள். உள்ளிருந்தபடியே அவர்கள் சண்டையைத் தொடர்ந்தார்கள். முகமூடிகளில் நீராவி படர்ந்ததே தவிர, ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. மிர்த்தாவின் விரல்கள் மட்டும் எட்டு, ஒன்பது என்று மாதங்களை எண்ண, அப்பா தலையை ஆட்டிப் பத்து விரலையும் விரித்துக் காட்டினார். கல்யாணம் அக்டோபரில் என்று அப்படித்தான் முடிவாயிற்று.