டெல்பர்ட்டின் பேட்டரிக்குக் குளிர்கிறது

1

இந்தக் கதை எனக்கு எதிர்வீட்டுக்காரரின் முட்டாள்தனத்திலிருந்து கிடைத்தது. மின்கம்பம் எட்டிப் பார்க்காத இந்த நியூ மெக்சிகோ மேட்டில் எதிர்வீடு என்றால், நடந்து போய்ச் சேர்வதற்குள் கையிலிருக்கும் காபி ஆறிவிடும் தூரம்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: "சூரியன் யாருக்கும் பில் அனுப்புவதில்லை என்று டெல்பர்ட் நம்பி..." (அடித்துவிட்டேன். சோலார் கடை விளம்பரம் மாதிரி இருக்கிறது.)

2

டெல்பர்ட்தான் அந்த எதிர்வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற பள்ளி பஸ் டிரைவர். ஜூலை மாதத்தில், பனியனோடு உட்கார்ந்து, பீட்சா அட்டையின் பின்பக்கம் திட்டம் போட்டார். சோலார் பேனல், சார்ஜ் கண்ட்ரோலர், லித்தியம் பேட்டரி, இன்வெர்ட்டர், வயர். ஃப்ரிட்ஜ் எவ்வளவு இழுக்கும், கிணற்று மோட்டார் எவ்வளவு குடிக்கும், எல்லாவற்றுக்கும் கணக்கு. பேட்டரிக்கு வெளியே தகரக் கொட்டகை.

"வீட்டுக்குள்ள எதுக்குப்பா அந்தச் சனியன்?" என்றார் என்னிடம்.

(இங்கே எல்லோரும் ஜூலையில்தான் திட்டம் போடுவோம். ஜனவரியில் யோசித்தவர்கள் டவுனுக்கே திரும்பிவிட்டார்கள்.)

3

அடடா, மனைவியைக் கொண்டுவர மறந்துவிட்டேன். பெயர் மார்லீன். டவுன் வீட்டை விற்றுவிட்டு வரும்போதே சொல்லிவிட்டார்: "ஒரே ஒரு குளிர்காலம் பாக்குறேன். என்னை இருட்டுல உக்கார வச்சே, தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் வரமாட்டேன்."

டெல்பர்ட் சிரித்தார். எனக்குத்தான் பயமாக இருந்தது. மார்லீன் இல்லாவிட்டால் இந்த மனிதர் உடைந்துபோவார், அது அவருக்கே தெரியாது.

4

ஜனவரி. பனி கொட்டி ஓய்ந்து, வெயில் கண்ணைப் பறித்தது. பேனல் பளபளத்தது. வீட்டில் ஒரு விளக்கும் எரியவில்லை.

"வெயில் இப்படிக் காயுது, கரண்ட் எங்கப்பா போச்சு?"

"உன் பேட்டரி உறைஞ்சு கிடக்கு. இந்தக் குளிருல சார்ஜ் ஏத்துக்காது. உள்ள கொண்டு போய் வை, சரியாயிடும்," என்றேன்.*

* இதை விற்றவர்கள் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். பெட்டி மேலேயே எழுதியிருந்தது. பெட்டியைக் கிழித்து அடுப்பு மூட்டிவிட்டார்.

5

உள்ளே ஒற்றை அறை. தடித்த வயரை அளந்து கச்சிதமாக வெட்டியிருந்ததால், சுவர் ஓட்டை வழியாக அது எட்டுவது விறகடுப்புப் பக்கத்து மூலைக்கு மட்டும். வேறு வயர் வாங்கவோ தங்கை வீட்டுக்குப் போகவோ, பனி மூடிய பாதை திறக்க வேண்டும். அந்த மூலையில் மார்லீனின் நாற்காலி. வீட்டில் குளிராத இடம் அது ஒன்றுதான்.

டெல்பர்ட் பேட்டரியைக் கட்டிப்பிடித்தபடி வாசலில் நின்றார்.

"மார்லீன்... அந்த நாற்காலிய மட்டும் கொஞ்சம்..."

"ஃப்ரிட்ஜுக்குக் கணக்குப் போட்ட. மோட்டாருக்குப் போட்ட. நான் எங்கய்யா இருக்கேன் உன் கணக்குல?"

6

முடிவு ஒன்று: நாற்காலி நகர்கிறது, விளக்கு எரிகிறது, அந்த வெளிச்சத்தில் மார்லீன் பெட்டி கட்டுகிறார். முடிவு இரண்டு: நாற்காலி நகரவில்லை, இருட்டிலேயே கட்டுகிறார்.

மார்லீனை நகரச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. மூன்றாம் பகுதி வரை நானும் அவருக்கு இடம் ஒதுக்கவில்லையே.

மார்லீன் பெட்டி கட்டாத மூன்றாவது முடிவுக்கு டெல்பர்ட் ஒரு வாக்கியம் பேச வேண்டும். எழுதிப் பார்த்தேன்: "தப்பு என்னோடதுதான், மார்லீன், நீ இல்லாம எனக்கு..." (நான் எழுதினால் அது நான் கேட்கும் மன்னிப்பாகத்தான் இருக்கிறது.) நீங்கள் அவரைச் சொல்லவைத்துப் பாருங்கள். கொஞ்சம் சீக்கிரம். பேட்டரி நல்ல கனம், அவருக்கு முதுகு சரியில்லை.